குந்தியிருந்து உழைக்கும் மாப்பிள்ளை

ரொறொன்ரோவில் நான் நின்ற ஏழு நாட்களில் மாப்பிள்ளையிடம் நேரே கேட்ட கேள்விகள் மொத்தம் இரண்டு. தேநீருக்குச் சீனி எத்தனை கரண்டி என்பது ஒன்று. முழங்கால் எப்போதிருந்து நோகிறது என்பது மற்றது. மிச்சத்தையெல்லாம் ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஆட்களின் முறை அப்படி. பெண் கொடுப்பதற்கு முன்னர் பக்கத்து வீட்டைக் கேட்போம், கடைக்காரரைக் கேட்போம், கூட வேலை செய்தவனின் மச்சானைக் கேட்போம். கட்டப்போகிறவனிடம் போய்க் கேட்டால் அது மரியாதைக் குறைவு.

நான் லண்டனில் எலும்பு முறிவு வார்டில் தாதி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கொழும்பில், வெள்ளவத்தையில் அம்மாவோடு இருந்த என் கடைசித் தங்கை வதனிக்கு முப்பத்தொரு வயது ஆகியிருந்தது. சாதகம் பொருந்திய இடங்கள் இரண்டு கையில் இருந்தன. ஒன்று ரொறொன்ரோ, மற்றது நோர்வே. நோர்வேக்காரர் மாத முடிவுக்குள் பதில் கேட்டிருந்தார்கள். ரொறொன்ரோக்காரர் வதனியோடு மூன்று தடவை தொலைபேசியில் கதைத்தும் இருந்தார். "நீ ஒருக்கால் போய்ப் பாத்துச் சொல்லு பிள்ளை. உன்ரை கண் பிழைக்காது" என்று அம்மா சொன்னார். அந்தக் கடைசி வசனம் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததால்தான் விடுமுறை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

போவதற்கு முதல் வாரம் கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் வதனி ஒரு சிறு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தாள். உள்ளங்கை அளவு. வெள்ளைத் துணியில் சுற்றி நெருக்கமாகத் தைத்திருந்தாள். "அக்கா, இதை அவரிட்டைக் குடுத்துவிடுங்கோ. பிரிக்க வேண்டாம்" என்று ஒரு கடதாசித் துண்டு. கோயில் விபூதியாக இருக்கும் என்று நினைத்தேன். இடம் சரிவந்தால் கொடுப்போம், சரிவராவிட்டால் என்னத்துக்கு என்று சூட்கேசின் அடியில் வைத்தேன். இதையும் நானே முடிவு செய்தேன் பாருங்கள்.

திங்கட்கிழமை இறங்கினேன். என் பள்ளித் தோழி சரோ, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில் இருந்தாள். அந்தக் கட்டடத்து லிப்டில் ஏறினால் ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும்போது ஒவ்வொரு நாட்டுச் சமையல் மணக்கும். பத்தாம் மாடியில் வெங்காயம், பதின்மூன்றில் கருவாடு. லண்டனில் என் பக்கத்து வீட்டுக்காரர் நான் மீன் பொரித்தால் யன்னலைச் சாத்துவார். இங்கே யாரும் எதையும் சாத்துவதாகத் தெரியவில்லை. சரோ பிட்டும் மீன் குழம்பும் வைத்திருந்தாள். மீன் பனிக்கட்டியில் கிடந்து வந்ததுதான், ஆனாலும் பழப்புளி விட்டிருந்ததால் நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே விசாரணையைத் தொடங்கினேன். மாப்பிள்ளையின் பெயர் கெங்காதரன், முப்பத்தாறு வயது, அதே தொடர்மாடியில் பக்கத்துக் கட்டடம் என்று எனக்குத் தெரியும். தரகர் தம்பித்துரை அண்ணை தொலைபேசியில் "கோச்சாக இருக்கிறார்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"எதுக்குக் கோச்?" என்று சரோவைக் கேட்டேன்.

"பேஸ்போல் எண்டு இஞ்சை ஒரு விளையாட்டு. அதிலை பந்து எறியிறவன் பிச்சர். அதைப் பிடிக்கிறவன் கச்சர். இவர் கச்சர்மாருக்குப் பழக்கிறவர்."

"விக்கெட் கீப்பர் மாதிரியோ?"

"ஓம், ஆனால் நாள் முழுக்கக் குந்தியிருக்கவேணும்."

"குந்தியிருக்கிறதுக்கு ஒருத்தன் சம்பளம் குடுக்கிறானோ?" என்றேன். சரோ சிரித்தாள். நானும் என் பகிடியை நினைத்துச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

செவ்வாய் காலை தனியாக வெளிக்கிட்டேன். தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் ஏறி, சாரதி கிழித்துத் தந்த கடதாசித் துண்டைக் கசக்கிக் குப்பைக்குள் போட்டுவிட்டு இறங்கினேன். அடுத்த வண்டியில் ஏறும்போது அந்தத் துண்டைக் கேட்டார்கள். அது மாறி ஏறுவதற்கான சீட்டாம். நான் இங்கிலாந்துக்காரி, இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று முழங்கினேன். சாரதி நிதானமாகச் சொன்னார்: "அம்மா, அந்தக் கடதாசி இல்லாவிட்டால் நீங்கள் இன்னும் வீட்டை விட்டு வெளிக்கிடவே இல்லை என்றுதான் எங்கள் கணக்கு." வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இறங்கி, இரண்டு தரிப்பிடம் கோபத்தோடு நடந்தேன்.

அந்தக் கோபத்தோடுதான் தமிழ்க்கடைக்குள் போனேன். கடைக்காரர் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டே கெங்காதரனைப் பற்றிச் சொன்னார். "நல்ல மனுசன் தங்கச்சி. ஆனால் கோடை முழுக்க வெள்ளையளோடை பஸ்ஸிலை ஊர் ஊராத் திரியிறவர். செப்டெம்பரிலை வருவார். அடுத்த வருசம் கூப்பிடுவினமோ இல்லையோ அவருக்கே தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கை நகத்துக்குப் பூச்சுப் பூசுறவர் எண்டும் ஒரு கதை."

"ஏனாம்?"

"அதை நாங்கள் எப்பிடிக் கேக்கிறது?"

அதே கதையைச் சரோவின் கட்டடத்து உடுப்புத் தோய்க்கும் அறையிலும் கேட்டேன். மன்னாரைச் சேர்ந்த ஓர் அன்ரி, கழுத்தில் சிலுவை மாலை, ஈரத் துவாய்களை உதறியபடி சொன்னார். தன் மகனுக்கும் கெங்காதரனுக்கும் ஒரே மாடி. கெங்காதரன் வேலை முடிந்து வரும்போது இரண்டு முழங்காலிலும் ஐஸ் பை கட்டியிருப்பாராம். "லிப்ட் வேலை செய்யாத நாளிலை அந்தப் பெடியன் படியேறுறதைப் பாத்தால் வயித்தெரிச்சல் பிள்ளை. கிழவன் மாதிரி." நகத்தைப் பற்றி அவரும் சொன்னார். வலது கையில் மட்டும்தானாம், வெள்ளை நிறமாம். ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

புதன்கிழமை பின்னேரம் கெங்காதரன் தரகரோடு சரோ வீட்டுக்கு வந்தார். ஒரு பெட்டி கேக், ஒரு பை முந்திரிகைப்பழம். உயரம் நடுத்தரம், தொடைகள் தேக்குமரம்போல. சரோவின் சோபா தாழ்வானது. அதில் இருப்பதற்கு அவர் இரண்டு கைகளையும் ஊன்றி மெல்ல இறங்கினார். முழங்கால் இரண்டும் பட்பட் என்றன. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். என் வார்டில் அறுபது வயதுக்காரர்களிடம் கேட்கிற சத்தம்.

தரகர்தான் பேசினார். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்கு விக்கெட் காத்தவர், எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அகதியாக வந்தவர், இப்போது கனடாக் குடிமகன், மதுவில்லை, புகையில்லை. மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பெருவிரல் வெளிப்பக்கம் கோணியிருந்தது. மோதிரவிரலின் நுனி வளைந்திருந்தது. குறைந்தது மூன்று பழைய முறிவு. நகங்களை அவர் சுரண்டித் துடைத்துக்கொண்டுதான் வந்திருந்தார், ஆனால் ஓரங்களில் வெள்ளை நின்றது. நான் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார். கையை மெல்லக் கேக் தட்டுக்குக் கீழே கொண்டுபோனார்.

அந்த ஒரு அசைவோடு என் மனதில் விசாரணை முடிந்துவிட்டது. ஒளிக்கிறார் என்றால் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன். "ஏன் தம்பி நகத்திலை வெள்ளை?" என்று கேட்டிருக்கலாம். வார்டில் முன்பின் தெரியாத ஆண்களிடம் மலம் போனதா என்று தினமும் கேட்கிறவள் நான். மாப்பிள்ளையிடம் நகத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சீனி எத்தனை கரண்டி என்று கேட்டேன். ஒன்று என்றார். பிறகு, தாதியாகப் பிறந்த வாய் சும்மா கிடக்காமல் கேட்டது.

"எப்பதொட்டு முழங்கால் நோகுது தம்பி?"

"எந்த முழங்கால் அக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. போகும்போது, சனிக்கிழமை பயிற்சி இருக்கிறது, வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார். பார்ப்போம் என்றேன்.

வியாழக்கிழமை தம்பித்துரை அண்ணை என்னை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனார். ரவுணில் காலால் நடந்தே எல்லாம் முடியும். கோயிலோ நகரத்துக்கு வெளியே; கார் இல்லாதவனுக்குக் கடவுளும் இல்லை. அண்ணை கதைத்த கதையில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, திரும்பி வர அரை மணித்தியாலம் எடுத்தது. பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். வாகனத் தரிப்பிடத்தில் கார்க் கதவைத் திறந்தபடி அண்ணை கேட்டார்.

"அப்ப பிள்ளை, உங்கடை முடிவு என்ன?"

"இந்த இடம் வேண்டாம் அண்ணை."

அவர் கார்த் திறப்பைக் கையில் உருட்டினார். "அவனிட்டை ஏதும் கேக்க விருப்பமோ?"

"என்னத்தைக் கேக்க? பாத்தது காணும். நான் வெளிக்கிட்ட பிறகு ஆறுதலாச் சொல்லுங்கோ. என்ரை முகத்துக்கு முன்னாலை வேண்டாம்."

"சரி" என்றார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் கதைக்கவில்லை. அதனால் இந்த முறை வழி தவறவில்லை.

வெள்ளி காலை கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே பின்னேரம். மூன்று காரணம் சொன்னேன்: முழங்கால், நிரந்தரமில்லாத வேலை, நகம். முதல் இரண்டுக்கும் அம்மா ம் ம் என்றார். மூன்றாவதை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு, "அப்ப வேண்டாம். நோர்வேக்காரருக்குச் சொல்லிவிடுறன்" என்றார்.

"வதனியை ஒருக்கால் கேட்டால் என்ன?"

"அவள் கந்தோராலை வரேல்லை. அவளை என்னத்துக்குக் கேக்க? உன்ரை கண் பிழைக்காது எண்டு அவளுக்கும் தெரியும்."

சனிக்கிழமை அந்தப் பயிற்சிக்குப் போகாமல் தப்பப் பார்த்தேன். தலையிடி என்றேன். சரோ விடவில்லை. "மாட்டன் எண்டு சொல்லப்போற ஆளெண்டாலும் வாசலிலை வந்து நிக்கேக்கை அவமதிக்கக்கூடாது" என்று என்னைக் கீழே அனுப்பினாள். கெங்காதரன் பழைய கார் ஒன்றில் வந்தார். பின் இருக்கை முழுதும் கையுறைகள், முகமூடிகள், நெஞ்சுக் கவசங்கள். நனைந்த தோல் மணம்.

போகும் வழியில், நான் கேட்காமலே தன் உத்தியோகக் கதையைச் சொன்னார். வந்த முதல் வருடம் பார்க்டேலில் ஓர் அறையில் ஏழு பேர். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அடுத்த வருடம் ஒரு மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் கதிரைகளுக்குக் கீழே குப்பை கூட்டும் வேலை. ஒரு நாள் பின்னேரம் பிச்சர் ஒருவன் எறிந்து பழக, பந்தைப் பிடிக்க ஆள் இல்லை. கூட்டிக்கொண்டிருந்த இவரைக் கூப்பிட்டுக் கையுறையைக் கொடுத்தார்கள்.

"முதல் பந்தை விக்கெட் கீப்பர் மாதிரிப் பிடிச்சன் அக்கா. பந்தோடை கையைப் பின்னுக்கு எடுத்து, நோகாமல். எல்லாரும் சிரிச்சவங்கள்."

"அதுதானே சரி" என்றேன்.

"இஞ்சை கையை அசைக்கக்கூடாது. அசைச்சால் நல்ல பந்தும் வெளியாலை போனமாதிரித்தான் அம்பயருக்குத் தெரியும். பந்து வந்த இடத்திலையே கையை வைச்சிருக்கவேணும். அந்தப் பழக்கத்தை விட எனக்கு ரெண்டு வருசம் எடுத்தது." வலது கையைச் சுக்கானிலிருந்து எடுத்து மோதிரவிரலைக் காட்டினார். "இவர் அந்த ரெண்டு வருசத்திலை போனவர்."

அதற்குப் பிறகு ஏழு வருடம் பிச்சர்மாருக்குப் பந்து பிடிக்கும் வேலை. ஆட்டத்தில் பெயர் வராது, பலகையில் இலக்கம் வராது. ஓரத்தில் வேலிக்குப் பின்னால் குந்தியிருந்து நாளுக்கு இருநூறு பந்து. பிறகு கச்சர்மார் இவரிடம் வந்து சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள். அப்படியே கோச் ஆக்கினார்கள், ஏணியின் ஆகக் கீழ்ப்படியில். ஒரு மணித்தியாலத் தூரத்தில் வாவிக்கரைச் சிறு பட்டணம் ஒன்றின் அணி அது. ஜூனில் தொடங்கிக் கோடை முடிய ஆட்டமும் முடியும். குளிர்காலத்தில் ரொறொன்ரோவில் உள்ளரங்கில் வகுப்பு.

நான் ம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். முடிவைச் சொல்லிவிட்ட பிறகு நேர்முகத் தேர்வு நடத்துகிறவள்போல எனக்கு அந்தரமாக இருந்தது.

நகரப் பூங்கா ஒன்றில் பயிற்சி. ஓரத்துத் தகர வாங்கில் போய் இருந்தேன். கெங்காதரன் ஒரு கடதாசிப் பையை என் மடியில் வைத்தார். "மீன் கட்லட். இஞ்சை விக்கிறதுகள் நீங்கள் சாப்பிடுவியளோ தெரியாது." பிறகு போய்க் குந்தினார். நடக்கும்போது நொண்டுகிற மனிதன், குந்தியதும் வேறு ஆளாகிவிட்டார். முப்பது யார் தூரம்கூட இல்லை. அங்கிருந்து பனைமரத்துக்குப் பாதி உயரமான வெள்ளையன் ஒருவன் எறிகிறான். பந்து வருவது தெரியவில்லை, பட்டதும் துவக்கு வெடித்தாற்போல சத்தம். அவருடைய கை அசையவில்லை. எத்தனை பந்து வந்தாலும், எங்கே வந்தாலும் அசையவில்லை. பந்து எறிந்தவன் பிழை விட்டால், இவர் எழுந்து தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், என் பிழை என்று.

நான்கு மணிபோல் மரநிழல் மைதானத்துக்குள் வந்தது. கெங்காதரன் பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்தார். கந்தோர்களில் தட்டச்சுப் பிழையை அழிக்கப் பூசுவார்களே, அந்த வெள்ளை மை. வலது கை நகங்களில் ஒவ்வொன்றாகப் பூசி, ஊதி, திரும்பக் குந்தி, தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டினார். ஒன்று, இரண்டு, பிறகு நான்கு. அந்த நிழலில் எனக்கே தெரிந்தது.

என் பக்கத்தில் தலைமைக் கோச் இருந்தார். சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்த கிழவர். நான் வாய் திறந்து பார்ப்பதைக் கண்டு விளக்கினார். "எந்தப் பந்து எறிவது என்று விரலால் சொல்லுவார்கள். இவனுடைய நிறத்துக்கு நிழலில் விரல் தெரியாது. ஒரு பிச்சர் தெரியாமல் வேறு பந்து எறிந்துவிட்டான், இவனுடைய பெருவிரல் உடைந்தது. இவன் அவனைக் குறை சொல்லவில்லை. கட்டு அவிழ்த்த அன்றைக்கே நகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு வந்தான். இப்போது என்னுடைய கச்சர் எல்லாரும் பூசுகிறார்கள்."

கடித்த கட்லட்டைப் பைக்குள் திரும்ப வைத்தேன்.

"நீங்கள் பெண் வீட்டுக்காரர் என்று நினைக்கிறேன்" என்றார் கிழவர். "பதினொரு வருடத்தில் இவன் ஒரு நாள் லீவு கேட்டதில்லை. இந்த வருடம்தான் ஓகஸ்ட் கடைசியில் கேட்டான். கலியாணமாம். அடுத்த வருடம் இவனை மேலே எடுக்கப் பார்க்கிறார்கள். நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள்."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? முழங்காலைப் பற்றி நான் சொன்னது பிழையில்லை, இன்றைக்கும் அதையே சொல்லுவேன். ஆனால் முழங்கால் நோகிறவனுக்குப் பெண் கொடுக்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? என் வார்டில் எத்தனை மனுசிமார் புருசன்மாரின் காலைத் தடவிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது, வேறு ஆளைக் கட்டியிருக்கலாம் என்று என்னிடம் சொன்னதில்லை.

ஞாயிறு காலை, விடிந்ததும் விடியாததுமாகக் கொழும்புக்கு எடுத்தேன். "அம்மா, அந்த நகம் வேலைக்காம்" என்றேன்.

"எது வேலைக்கு?"

சொல்லிப் பார்த்தேன். நிழல், விரல், பந்து. என் குரல் எனக்கே எதிரொலித்துத் திரும்பி வந்தது. அம்மா பாதியில் நிறுத்தினார். "நேற்றுப் பின்னேரம் நோர்வே மாப்பிள்ளையின்ரை வீட்டார் நிச்சயத் தட்டோடை வந்திட்டினம் பிள்ளை. வாக்குக் குடுத்தாச்சு. வாற மாதம் கலியாண எழுத்து. நீ சொல்லித்தானே குடுத்தனான்."

"வதனியிட்டைக் குடுங்கோ."

அவள் வந்தாள். "சொல்லுங்கோ அக்கா."

"உனக்குச் சம்மதமோ?"

"நீங்கள் பாத்துத்தானே சொன்னனீங்கள்" என்றாள்.

நான் பிழையாய்ப் பாத்துப்போட்டன். மூன்று சொல். அதை அப்போது சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தட்டைத் திருப்பி அனுப்புவது லேசில்லை. அம்மா அழுதிருப்பார், ஊர் சிரித்திருக்கும். ஆனால் அதற்காக நான் சொல்லாமல் விடவில்லை. என் கண் பிழைக்காது என்று ஒரு வீடே நம்பிக்கொண்டிருந்தது, அந்தப் பெயரை விட எனக்கு மனம் வரவில்லை. வெட்கக்கேடான காரணம்தான். "சந்தோசமா இரு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அன்று பின்னேரம் விமானம். சரோவின் கணவருக்கு வேலை. தம்பித்துரை அண்ணை வருவார் என்று பார்த்தால், கீழே கெங்காதரனின் கார் நின்றது. சூட்கேசை வாங்கி ஏற்றும்போது முழங்காலை மடிக்காமல் இடுப்பை வளைத்தார். வழியில் வானிலையைப் பற்றியும் சாலை திருத்தத்தைப் பற்றியும் கதைத்தோம். ஜூன் வந்தும் குளிர் விடவில்லை என்றார். லண்டனிலும் அப்படித்தான் என்றேன்.

விமான நிலையத்தில் என்னை இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். காரை நிறுத்திவிட்டுத் தள்ளுவண்டியோடு கவுண்டர்வரை வந்தார். அங்கே இருந்த பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? யாராவது கொண்டுபோகச் சொல்லி ஏதும் தந்தார்களா?

இல்லை என்று சொல்லிவிட்டு ஏறுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். நான் வேலைப் பழக்கத்தில் உண்மையைச் சொன்னேன். தங்கை தந்த பொட்டலம் ஒன்று அடியில் இருக்கிறது, என்னவென்று தெரியாது. அவள் திறக்கச் சொன்னாள். சூட்கேசைத் தரையில் போட்டு, அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வதனியின் நெருக்கத் தையலை வெட்ட அவளுக்குக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது.

துணிக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு வெள்ளை நகப்பூச்சுக் குப்பி. அதைச் சுற்றி ஒரு கடதாசி. கவுண்டர்க்காரி குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆபத்தில்லை என்று சிரித்துத் திருப்பித் தந்தாள். கடதாசியில் வதனியின் குண்டுக் கையெழுத்து: "நீங்கள் சொன்ன வெள்ளை மை மாதிரி இது கெதியிலை உரியாது. நானே பூசிப் பாத்தனான். சட்டி முட்டி கழுவியும் ஒரு கிழமை நிண்டது."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவரே தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். நான் கடைக்காரரிடமும் உடுப்புத் தோய்க்கும் அறையிலும் தேடித் திரிந்த விடை, என் சூட்கேசின் அடியில் ஏழு நாளாகக் கிடந்திருக்கிறது. உலகமெல்லாம் விசாரித்த நான் என் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கெங்காதரன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் குப்பியையும் கடதாசியையும் நீட்டினேன். "இது உங்களுக்குத்தான் தம்பி. முதல் நாளே தந்திருக்கவேணும்."

வாசித்தார். கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"தம்பித்துரை அண்ணை உங்களிட்டை ஒண்டு சொல்லுவார்..." என்று தொடங்கினேன்.

"வியாழக்கிழமையே சொல்லிப்போட்டார் அக்கா."

வியாழக்கிழமை. அப்படியென்றால் சனிக்கிழமை வாசலில் வந்து நின்றபோது தெரியும். கட்லட் வாங்கும்போது தெரியும். இப்போது என் பெட்டியைத் தூக்கும்போதும் தெரியும். நான் பொது இடத்தில் அழுகிறவள் இல்லை. அன்றைக்கு, வெளியே எடுத்துப் போட்ட உடுப்புகளை அள்ளித் திணிக்கிற சாட்டில் குனிந்து அழுதேன். அவரும் மெல்ல, இரண்டு முழங்காலும் சத்தம் போட, பக்கத்தில் குந்தினார். சூட்கேஸ் மூடியை அமத்திப் பிடித்தார், நான் பூட்டினேன்.

"இதை நான் வைச்சிருக்கலாமோ?" என்று குப்பியைக் காட்டிக் கேட்டார். "சீசன் துடங்குது. தேவைப்படும்."

"வைச்சிருங்கோ."

"அவவுக்குத் தாங்ஸ் எண்டு சொல்லிவிடுங்கோ." இரண்டடி போய்த் திரும்பி வந்தார். "வேண்டாம் அக்கா. சொல்லாதேங்கோ."

நான் சொல்லவில்லை. வதனி ஒஸ்லோவில் நன்றாகத்தான் இருக்கிறாள். புருசன் பொறுப்பான மனிதன், இரண்டு பிள்ளைகள். பல வருடம் கழித்து ஒரு நத்தார் விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டு முடிய, அவள் கோப்பை கழுவ, நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அந்தப் பொட்டலத்தை அவரிட்டைக் குடுத்தனீங்களோ அக்கா?"

"குடுத்தனான்."

"எப்ப? போன உடனையோ, வெளிக்கிடேக்கையோ?"

எனக்கு வந்த கேள்விகளிலேயே அதுதான் நேரான கேள்வி. "வெளிக்கிடேக்கை" என்றேன்.

அவள் கையிலிருந்த கோப்பையை இன்னொரு தரம் கழுவினாள். பிறகு அதை என்னிடம் தந்தாள். நான் துடைத்து வைத்தேன்.